எனக்குத் தமிழ் தெரியாது என்றேன்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடங்கள் ஆகின்றன. சென்ற மாதம் ஓர் இளம் டொக்டர் தொலைபேசியில் அழைத்தார். என்னிடம் ஒரு வருடம் பயிற்சி பெற்றவர். மருத்துவ பீடத்துக்கு மாணவர்களைச் சேர்க்கும்போது பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று ஒதுக்கும் இடங்களை நிறுத்திவிட்டு, நாடு முழுவதற்கும் ஒரே வெட்டுப்புள்ளி வைக்க வேண்டும் என்று அவரும் நண்பர்களும் ஒரு மனு தயாரித்திருக்கிறார்களாம்.

"நீங்க ஒரு கையெழுத்து வச்சீங்கன்னா அதுக்கு மதிப்பு கூடும் மேடம். புள்ளி குறைஞ்சவங்க டொக்டரா வந்தா கடைசியில நோயாளிதானே கஷ்டப்படணும்?"

"நான் எப்படி வந்தேன்னு தெரியுமா தம்பி?"

"நீங்க மெரிட்லதான் மேடம் வந்திருப்பீங்க."

"இல்ல. பதுளை மாவட்டக் கோட்டா. கொழும்புல பொறந்திருந்தா எனக்கு அந்தப் புள்ளிக்கு மருத்துவ பீடத்து வாசல்கூடக் கிடைச்சிருக்காது."

அவர் மன்னிப்புக் கேட்டார். அப்படியானால் கோட்டாவை ஆதரித்து எதிர் மனு எழுதுபவர்களின் பக்கம் நான் நிற்பேனா என்றும் கேட்டார். அதற்கும் என்னால் உடனே ஆமென்று சொல்ல முடியவில்லை. என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த ஒரு பெண் என்னால் செத்துப்போனாள். என் புள்ளி குறைவாக இருந்ததால் அல்ல. ஆனால் நான் கோட்டாவில் வந்தவள் என்பதற்கும் அவள் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அவள் குடும்பத்தைத் தவிர வேறு யாரிடமும் அதை முழுதாகச் சொன்னதில்லை. அந்தத் தம்பிக்கு எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், என் பெயரைத் தவிர. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்.

என் பெயர் ஜோசஃபின் ஜோசப். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மா கொழுந்து எடுத்தாள். ஐந்தாம் வகுப்பு வரை தோட்டப் பள்ளிக்கூடம். பிறகு கன்னியாஸ்திரிகள் என்னைப் பண்டாரவளையில் தங்கள் விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலம் அங்கேதான் வந்தது.

உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, ஏன் டொக்டராக வேண்டும் என்று தலைமைச் சிஸ்டர் கேட்டார். தோட்டத்துச் சனங்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. உண்மையான காரணம் வேறு. மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் தோட்டத்துக்கு ஒரு டொக்டர் ஜீப்பில் வருவார். ஜீப் சத்தம் கேட்டால் ரோட்டில் போகிறவர்கள் ஓரத்துக் கான் வாய்க்காலுக்குள் இறங்கி நிற்பார்கள். கூடையோடு அம்மாவும் இறங்கி நிற்பாள். ஈரக்கானில் அம்மாவின் கால் புதைந்ததைப் பார்த்தபோது, நோயாளிகளைக் குணமாக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஜீப்புக்குள் இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகு சேவை, தியாகம் என்று எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை.

மருத்துவ பீடத்தில் என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. அப்படிச் சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் நடக்கவில்லை. ஒரே ஒரு சம்பவம். முதல் வருடம், உடற்கூற்று வகுப்பில், ஒரு நரம்பின் பெயரைத் தப்பாகச் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ரொஷான் என்ற கொழும்புப் பையன், "எந்த மாவட்டம்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். விரிவுரையாளரும் சிரித்தார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஊரைக் கேட்டால் பண்டாரவளை டவுன் என்றேன். ஜோசப் என்ற பெயரை வைத்து நான் எந்தச் சாதி, எந்த இனம் என்று யாராலும் சட்டென்று சொல்ல முடியாது. வீட்டில் ஆங்கிலம்தான், தமிழ் அரைகுறை என்று ஒரு தடவை சொன்னேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த வருடங்களில் நாடு இருந்த நிலையில் தமிழ் பேசப் பயமாக இருந்தது என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்ததுதான். ஆனால் அது பயம் மட்டுமென்றால், அம்மா மருத்துவ பீட விடுதிக்கு என்னைப் பார்க்க வந்தபோது வேலைக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்ட தோழியிடம், ஆமாம் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன்.

பயிற்சி முடிந்து முதல் நியமனம் மடுல்சீமைப் பக்கம் ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தது. பெயர்ப்பட்டியலைப் பார்த்ததும் அழுதேன். எதை விட்டு ஓடினேனோ அங்கேயே கொண்டுவந்து விட்டார்கள் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்தவர் தெற்கே காலி நகரத்தில் பிறந்த ஒரு சிங்களவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். டி.எம்.ஓ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் சேர் என்பேன். மெலிந்த மனிதர். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்திருப்பார், மூன்றாவது மடிப்பு ஒருநாளும் இல்லை. நோயாளி உட்காரும் முக்காலியைத் தானே இழுத்துப் போடுவார். கை பிடித்து நாடி பார்ப்பதற்கு முன்னால் தன் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். மலையில் குளிர்ந்த கையோடு நோயாளியைத் தொட்டால் பொய் நாடிதான் கிடைக்கும் என்பார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வெளிநோயாளர் துண்டில், பெண் என்றால், முதல் வரியில் நான்கு விஷயம் எழுத வேண்டும்: வயது, எத்தனை பிள்ளைகள், கடைசிப் பிள்ளை பிறந்த நாள், கடைசி மாதவிடாய். வந்தது கால் சுளுக்காக இருந்தாலும் சரி. பிள்ளை பெற்று ஆறு வாரத்துக்குள் என்றால் பிரஷர் பார்க்காமல் முக்காலியை விட்டு எழுப்பக் கூடாது. மாலையில் துண்டுகளின் அடிக்கட்டையை எடுத்துப் பார்ப்பார். முதல் வரி இல்லாத துண்டின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, ஒன்றும் பேசாமல் எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

அவர் தமிழ் பேசுவார். வாய்க்கு வந்தபடி, வினைச்சொல்லை எங்கேயோ விட்டுவிட்டு, ஆனால் வெட்கமில்லாமல் பேசுவார். தெரியாத சொல் வந்தால் நோயாளியிடமே கேட்பார். "அம்மா, வயிறு பொருமுது என்றால் எப்படி? செய்து காட்டுங்க." கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் பக்கத்தில் நிற்பேன், ஒன்றும் விளங்காதவளைப் போல.

ஒருநாள் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "டொக்டர் ஜோசப், உங்களுக்குத் தமிழ் எந்த அளவுக்கு வரும்?"

"கொஞ்சம்தான் சேர். ஒன்று, இரண்டு சொல்."

அவர் என்னைப் பார்த்தார். சரி என்றார்.

வெளிநோயாளர் அறையில் இரண்டு மேசைகள். ஒன்று எனக்கு. மற்றது நான் வந்து ஆறு மாதத்துக்குப் பிறகு நியமனமாகி வந்த டொக்டருக்கு. அது ரொஷான். மருத்துவ பீடத்தில் எந்த மாவட்டம் என்று கேட்டவன். கேட்டதே அவனுக்கு நினைவில்லை. நல்ல பையன், நன்றாக வேலை செய்வான். அவன் வந்த நாளிலிருந்து என் முதுகு மட்டும் விறைத்துப் போயிருந்தது.

இரண்டு மேசைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு பிரஷர் கருவி. வாசலில் சோமா நிற்பாள். அவள் அட்டெண்டன்ட், பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரி. நாற்பதைத் தாண்டியவள். சந்தையில் பழகிய தமிழ் அவளுக்குத் தெரியும். இலக்கத்தைக் கூப்பிடுவது, வரிசையைச் சரிபார்ப்பது, தமிழ் நோயாளிகள் சொல்வதைச் சிங்களத்தில் எங்களுக்குச் சொல்வது, எல்லாம் அவள் வேலை. பன்னிரண்டு மணிக்குள் இருநூறு பேரைப் பார்த்து முடிக்க வேண்டும்.

அன்று ஒரு திங்கட்கிழமை. டி.எம்.ஓ. வார்டில் இருந்தார். பத்து மணியளவில் இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்திக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். முகம் ஊதியிருந்தது. தலையில் துண்டு கட்டியிருந்தாள். அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டு வந்த மூத்தவளை எனக்கு உடனே தெரிந்தது. செல்லம்மா. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் ஒரே பலகையில் பக்கத்தில் உட்கார்ந்தவள். கல்யாணமாகி மடுல்சீமைப் பக்கம் போய்விட்டாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். கூட வந்தது அவள் தங்கை சாந்தி. சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் இடுப்பில் தூக்கியவள்.

செல்லம்மாவும் என்னைக் கண்டுகொண்டாள். முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, நீ ஜோசிதானே? நம்ம ஜோசப் மாமா மக! புள்ள, என்னையத் தெரியலையா, செல்லம்மா!"

ரொஷான் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. நான் சோமாவின் பக்கம் திரும்பி, சிங்களத்தில் கேட்டேன்: "இந்தப் பெண் என்ன சொல்கிறாள்?"

சோமா தடுமாறினாள். "மிஸ்ஸைத் தெரியும் என்கிறாள் போல."

"வேறு யாரோ என்று சொல்லுங்கள். எனக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லுங்கள்."

சோமா அதைத் தமிழில் சொல்வதற்கு முன்பே செல்லம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவள் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கையின் பக்கம் குனிந்து மெதுவாக, "அது இல்லடி. வேற ஆளு" என்றாள். எனக்காகச் சொன்னாள். அதுவும் எனக்கு விளங்கியது.

சாந்தி முக்காலியில் உட்கார்ந்து தானே பேசினாள். "தல வெடிக்கிற மாதிரி வலிக்குதுங்க. நெஞ்சுக்குழியில யாரோ புடிச்சிப் பெசயிற மாதிரி இருக்கு. நேத்திலருந்து கண்ணுக்கு முன்னுக்குப் பூச்சி பூச்சியாப் பறக்குதுங்க."

செல்லம்மா சேர்த்துச் சொன்னாள்: "பச்ச ஒடம்புங்க. ஒம்போது நாளுதான் ஆகுது."

சோமா சிங்களத்தில் சொன்னாள்: "தலைவலி. வயிற்றுவலி. பூச்சித் தொல்லை இருக்கிறதாம். ஒன்பது நாளாக இருக்கிறதாம்."

பச்சை உடம்பு என்றால் பிள்ளை பெற்ற உடம்பு. சோமாவுக்கு அந்தச் சொல் தெரியாது. கண் முன்னால் பறக்கிற பூச்சி வேறு, குடலில் இருக்கிற பூச்சி வேறு என்பதும் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள், தலைவலி, நெஞ்சுக்குழியில் வலி, கண்ணில் மினுக்கம், முகத்தில் வீக்கம். இறுதியாண்டு மாணவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பிரஷர் ஏறியிருக்கிறது, எந்த நேரமும் வலிப்பு வரலாம். நான் அந்தப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவள்.

பேனா துண்டின் மேல் நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, இரண்டு நொடி இருக்கும். சோமாவைத் திருத்தினால் எனக்குத் தமிழ் விளங்கும் என்றாகிவிடும். ஒரு நிமிடத்துக்கு முன்னால் நான் சொன்னது பொய் என்றாகிவிடும். செல்லம்மாவின் ஜோசி நான்தான் என்று ரொஷானுக்குத் தெரிந்துவிடும். பிரஷர் கருவியை எட்டி எடுக்கலாம் என்று நினைத்தேன். அதை ரொஷான் வேறு ஒருவருக்குக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், "மறுபடியும் பூச்சியா? இந்தத் தோட்டத்துக்கே பூச்சி மருந்து ஊற்ற வேண்டும்" என்றான்.

நானும் சிரித்தேன். துண்டில் பூச்சி மருந்தும் இரைப்பைக்கு ஒரு மருந்தும் தலைவலி மாத்திரையும் எழுதினேன். முதல் வரியை எழுதவில்லை. எழுதினால் கேட்க வேண்டியிருக்கும்.

சாந்தி எழுந்து கும்பிட்டாள். செல்லம்மா கும்பிடவில்லை. துண்டை வாங்கிக்கொண்டு போனாள்.

மருந்து வாங்கும் ஜன்னலில் வரிசை நீளமாக இருக்கும், பத்து நிமிடத்தில் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நோயாளி வந்தார். அதற்கடுத்தவர் வந்தார். பதினொன்றரைக்கு எழுந்து போய்ப் பார்த்தபோது அவர்கள் இல்லை.

மாலை நான்கு மணிக்குத் தோட்டத்து லொறி வந்து நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் வழியில் வலிப்பு வந்திருக்கிறது. கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்திருக்கிறார்கள். நான் விடுதியிலிருந்து ஓடி வந்தபோது டி.எம்.ஓ. ஏற்கெனவே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். சாந்தியின் நாக்கு கடிபட்டு வாயெல்லாம் இரத்தம். அவர் ஊசி போட்டார். பிரஷர் பட்டியைக் கட்டினார். பாதரசம் ஏறிக்கொண்டே போனதை எல்லோரும் பார்த்தோம்.

அவர் செல்லம்மாவிடம் தன் தமிழில் கேட்டார்: "அம்மா, பிள்ளை கிடைச்சது எத்தனை நாள்?"

"ஒம்போது நாளுங்க சார். லயத்துலயே பொறந்துச்சி."

"காலையில கண் பத்தி ஏதாவது சொன்னீங்களா?"

"சொன்னோமுங்க. பூச்சி பறக்குதுன்னு சொன்னா. நானும் பச்ச ஒடம்புன்னு சொன்னேன்."

யாரிடம் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. செல்லம்மாவும் என் பக்கம் பார்க்கவில்லை. தன் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் அதைப் படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார்.

அம்புலன்ஸில் பதுளைக்குக் கொண்டுபோனோம். நானும் போனேன். வழியில் இன்னும் இரண்டு தடவை வலிப்பு வந்தது. வளைவுகளில் செல்லம்மா தங்கையின் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த ஒன்றரை மணி நேரம் அவளும் நானும் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு சொல் பேசவில்லை. தமிழ் தெரியாதவள் என்ன பேசுவாள்?

மூன்றாம் நாள் சாந்தி இறந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. அங்கே அவர்கள் செய்யக்கூடியது எதையும் விடவில்லை. நேரம்தான் போதவில்லை. அந்த நேரத்தை நான்தான் செலவழித்திருந்தேன். அவள் பெற்ற பெண் குழந்தை லயத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது.

பிரசவத்தோடு சேர்ந்த சாவு என்றால் கட்டாயம் விசாரணை உண்டு. ஒரு மேசையைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் கேட்டார்கள்: பிள்ளை பெற்று ஒன்பது நாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

"இல்லை" என்றேன். "எனக்குத் தமிழ் தெரியாது. அட்டெண்டன்ட் சொன்னதை வைத்துத்தான் எழுதினேன். ஒன்பது நாளாகச் சுகமில்லை என்றுதான் அவர் சொன்னார்."

அதைத் தட்டெழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்து வைத்தேன். அந்தத் தாளில் எழுதியிருந்த வசனங்களில் முதல் இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் உண்மை.

டி.எம்.ஓ. மேசையின் மறுபக்கத்தில் இருந்தார். என் சுயவிவரக் கோப்பு அவரிடம்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்திருக்கும். நான் வந்த முதல் நாளிலிருந்து அவருக்குத் தெரியும். எனக்குத் தமிழ் எந்த அளவுக்கு வரும் என்று அன்று கேட்டதும் தெரிந்துகொண்டுதான். விசாரணை முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"நீங்கள் சொன்னதில் எதையாவது மாற்ற வேண்டுமா?" என்றார். குரல் மிக அமைதியாக இருந்தது. "இன்று மாலை வரை மாற்றலாம்."

"இல்லை சேர்."

"நான் இங்கே இருபது வருடமாக இந்த மொழியைப் பொறுக்கிப் பொறுக்கிப் படிக்கிறேன். இன்னும் அரைவாசி வரவில்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இடமாற்றத்துக்கு நான் கொடுத்திருந்த விண்ணப்பத்தில் ஒரு வாரத்தில் கையெழுத்து வைத்தார். என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சனங்களை என்னிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார் என்று விளங்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

சோமாவுக்கு எழுத்தில் கண்டனம் கொடுத்து, நோயாளிகளோடு பேசும் வேலையிலிருந்து எடுத்து, சலவைப் பகுதிக்கு மாற்றினார்கள். டி.எம்.ஓ. அதை எதிர்த்தார். மேலிடம் கேட்கவில்லை. நான் கிளம்பும் நாளில் அவள் துணிகளைக் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய் வருகிறேன் என்று சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மிஸ்ஸின் அம்மா ஒரு தடவை இங்கே டொக்டர் விடுதிக்கு வந்தார் இல்லையா? நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன்" என்றாள் சிங்களத்தில். "அதனால் அன்றைக்கு எனக்குப் பயம் இருக்கவில்லை. நான் தப்பாகச் சொன்னால் மிஸ் திருத்துவீர்கள் என்று நினைத்தேன்."

விசாரணையில் அவள் இதைச் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்புக்குப் போனேன். மேற்படிப்புப் படித்தேன். வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்தேன். சிறப்பு மருத்துவராகத் திரும்பி வந்தேன். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஆலோசனைக் குழுவில் என்னையும் போட்டார்கள், மலையகத்தைச் சேர்ந்தவர் என்ற முறையில். அதற்குள் அப்படிச் சொல்லிக்கொள்வது மரியாதையான விஷயமாகியிருந்தது. கட்டடம், கட்டில், அம்புலன்ஸ் எல்லாவற்றைப் பற்றியும் பேசினேன். வெளிநோயாளர் அறையில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் சொன்னபோது, அது பிறகு பார்க்கக்கூடிய விஷயம் என்று தலைவர் தள்ளிவைத்தார். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

இன்னொரு கூட்டத்தில், மருத்துவ மாணவர்களின் தரம் குறைந்துவருகிறது என்று நானே பேசினேன். கைதட்டினார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு சுகாதார அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அன்றைய விசாரணையில் நான் சொன்னது பொய், சோமா மேல் தவறில்லை, அவளுடைய கோப்பில் இருக்கும் கண்டனத்தை நீக்க வேண்டும் என்று. குறிப்பிட்ட காலத்துக்கு முந்தைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. சோமாவின் கிராமத்தில் விசாரித்தேன். அவள் இறந்து நான்கு வருடமாம். மகனிடம் கடிதத்தின் பிரதியைக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "அம்மா கடைசி வரை சலவையில்தான் இருந்தார்" என்றார்.

பிறகு செல்லம்மாவைத் தேடிப் போனேன். மடுல்சீமையிலிருந்து முச்சக்கரவண்டி போகும் வரை போய், மீதியை நடந்தேன். அவள் லயத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடுக்குவதை நிறுத்தினாள்.

"வா ஜோசி" என்றாள். அவ்வளவு சாதாரணமாக.

வாசற்படியில் உட்கார்ந்தோம்.

"செல்லம்மா, அன்னைக்கு அது நான்தான். சாந்தி சொன்னது எனக்கு வெளங்குச்சி. நீ சொன்னதும் வெளங்குச்சி. எல்லாமே வெளங்குச்சி."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?"

அவள் விறகுச் சிராயை விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டே பேசினாள். "நீ படிச்சி மேல போயிட்ட. அந்த எடத்துல ஒன்னைய அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு நெனச்சேன். நம்ம தோட்டத்துலருந்து போன ஒரே புள்ள நீதானே. ஆனா அன்னையிலருந்து ஒண்ணு மட்டும் மனசுல கெடக்கு ஜோசி. நான் அந்த ரூமுக்குள்ள வாயத் தொறந்து கத்தியிருக்கணும். ஏய் ஜோசி, பொய் சொல்லாத, என் தங்கச்சியப் பாருடின்னு கத்தியிருந்தா அவ இருந்திருப்பா. ஒன் மானத்தப் பாத்து நான்தான் அவள உட்டுட்டேன்."

முப்பத்தைந்து வருடமாக அவள் அதைச் சுமந்திருக்கிறாள். என் குற்றத்தை. நான் கொழும்பில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது, சோமா அதில் ஒரு பங்கைச் சலவைக் கூடத்தில் வைத்திருந்தாள், இவள் மறு பங்கை இந்த லயத்தில் வைத்திருந்தாள்.

"ஒன் மேல ஒரு தப்பும் இல்ல செல்லம்மா" என்றேன். பல தடவை சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

சாந்தியின் மகளை அவள்தான் வளர்த்திருக்கிறாள். பெயர் கௌரி. அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். இரண்டு பிள்ளைகள். "அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஜன்னி வந்து செத்துப்போனான்னுதான் சொல்லியிருக்கேன். நீ இருந்து நீயே சொல்லு. நான் சொன்னா ஒன்னைய நல்லவளாத்தான் சொல்லுவேன்."

கௌரி ஐந்து மணிக்கு வந்தாள். தாயின் முகம். நான் எழுந்து நின்றேன். உட்காருங்கம்மா என்றாள். நான் நின்றபடியே சொன்னேன், இங்கே எழுதிய எல்லாவற்றையும், ரொஷானையும், நான் சிரித்ததையும் விடாமல். அவள் கொழுந்து எடுக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

முடித்ததும் கேட்டாள்: "நீங்க இப்ப வேலையில இருக்கீங்களா?"

"இல்லம்மா. ரிட்டயர் ஆகிட்டேன்."

"அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் நான் ரெண்டு புள்ளைக்கும் போனேன். இப்பவும் அப்படித்தான். நம்ம ஒண்ணு சொன்னா அங்க நிக்கிற ஆளு ஒண்ணு சொல்லுது." படங்கின் முடிச்சை அவிழ்த்து மடித்தாள். "நீங்க வேலையில இருக்கும்போது வந்து இதச் சொல்லியிருந்தீங்கன்னா, அந்த ரூமுக்குத் தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளப் போடச் சொல்லி ஒங்ககிட்ட கேட்டிருப்பேன். இப்ப ஒங்ககிட்ட என்னத்தக் கேக்குறது?"

பிள்ளைகள் டியூசனிலிருந்து வரும் நேரம் என்று சொல்லி, அவள் அவர்களைக் கூப்பிடக் கீழே இறங்கிப் போனாள்.